ஒரே ராத்திரியில் போர்ட் சாஃப்ட்வேரை மாத்திட முடியுமா? ஜீரோ கேட் லாரிக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்?

காசிமேடு வழியாக எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் பைக்கில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். ரோடு, செக்கிங், கேட் என்று இதற்குக் காரணங்கள் பல. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வரிசையும் அங்கே உண்டு: ஆவணங்களின் வரிசை.

ஏற்றுமதிப் பெட்டி ஒன்று கேட்டுக்குள் போக ‘பார்ம் 13’ வேண்டும். பெட்டி எண், சீல் எண், கப்பல் பெயர், லாரி எண் எல்லாம் அதில் இருக்கும். கேட்டில் உள்ள கம்ப்யூட்டருக்கு அந்த விவரம் முன்னாடியே வந்திருந்தால் லாரி உள்ளே போகும். விவரம் பொருந்தலேன்னா, ஓரங்கட்டுதான்.

அந்த விவரங்களை எல்லாம் ஒருத்தரே அனுப்புவதில்லை. கப்பல் ஏஜென்ட், கஸ்டம்ஸ் ஏஜென்ட், திருவொற்றியூர், மணலி பக்கம் இருக்கும் சி.எஃப்.எஸ். யார்டு, டெர்மினல், சுங்கத்துறை, பேங்க் என்று ஆளாளுக்கு ஒரு சாஃப்ட்வேர். இத்தனை பேரும் சந்திக்கும் பொது இணையதளத்துக்குப் பெயர்தான் போர்ட் கம்யூனிட்டி சிஸ்டம், சுருக்கமாக பி.சி.எஸ்.

மூன்றாவது அவதாரம்

ஹாம்பர்க், சிங்கப்பூர் போன்ற துறைமுகங்களில் 1980களிலேயே இது வந்துவிட்டது. நம்ம ஊரில் இந்தியத் துறைமுகங்கள் சங்கம் இதை 2007இல் கொண்டுவந்தது. 2018 டிசம்பர் 11 அன்று ‘பி.சி.எஸ். 1எக்ஸ்’ என்ற புதிய வடிவம் அறிமுகமானது. கிளவுடில் இயங்கும் தளம், மொபைல் ஆப், ஒரே லாகின், சொந்த ஐ.டி. வசதி இல்லாத சின்ன ஆபீஸ்களுக்கும் ஒரு டேஷ்போர்டு. குறிப்பிட்ட பேங்க்கை நம்பியே பணம் கட்டும் நிலை மாறும் என்றும், பரிவர்த்தனை நேரத்தில் 2 நாள் மிச்சமாகும் என்றும் அரசு அப்போது சொன்னது. பிறகு 2023 ஜனவரி 27இல் ‘தேசிய லாஜிஸ்டிக்ஸ் போர்ட்டல் – மரைன்’ வந்தது. அதே ஆண்டு மார்ச் 31இல் அதன் மொபைல் ஆப் ‘சாகர் சேது’.

அதாவது, 16 வருஷத்தில் 2 பெரிய மாற்றங்கள். இரண்டாவது மாற்றம் வர 5 வருஷம்கூட ஆகவில்லை.

ஆப் அப்டேட் மாதிரி இல்லையா?

உங்க போனில் அப்டேட் சொதப்பினால் உங்க போன் மட்டும்தான் தொங்கும். இங்கே ஒருத்தர் மாறினால், அவரோடு பேசும் அத்தனை பேரும் மாறணும்.

பெட்டி கேட்டுக்குள் வந்தது, வெளியே போனது என்று சொல்ல ‘கோடெகோ’ என்றொரு மெசேஜ் வடிவம் இருக்கிறது. ஐ.நா. வகுத்த தரத்தின்படி அமைந்தது. உலகம் முழுக்க கப்பல் கம்பெனிகளின் சிஸ்டங்கள் இப்படிப்பட்ட வடிவங்களில்தான் பேசிப் பழகியிருக்கின்றன. புதிய தளம் ஏ.பி.ஐ. வழியாகப் பேசச் சொன்னால், பெரிய கம்பெனியின் ஐ.டி. டீம் சமாளித்துவிடும். மண்ணடி சந்துக்குள் ரெண்டு கம்ப்யூட்டரோடு இருக்கும் ஏஜென்ட் ஆபீஸ் என்ன செய்யும்?

அதனால் பிளானிங்கில் முதல் வேலை கோடு எழுதுவது அல்ல, பட்டியல் போடுவது. யார், யாருக்கு, எதை, எந்த வடிவத்தில் அனுப்புகிறார்கள்? அடுத்தது, பழைய வடிவத்தில் வருவதையும் கொஞ்ச காலம் வாங்கி, உள்ளே மொழிபெயர்த்துக்கொள்வது. போரடிக்கும் வேலை, செலவும் கூட. பட்ஜெட்டில் கை வைக்கும்போது முதலில் வெட்டுவதும் பெரும்பாலும் இதைத்தான்.

நடுவழியில் நிற்கும் பெட்டி

உண்மையான தலைவலி இங்கேதான். வியாழக்கிழமை பழைய சிஸ்டத்தில் பதிவாகி ஒரு பெட்டி யார்டுக்குள் வருகிறது. சனிக்கிழமை ராத்திரி சிஸ்டம் மாறுகிறது. ஞாயிறு அன்று கப்பல். அந்தப் பெட்டியின் விவரம், கட்டிய பணம், சுங்க அனுமதி மூன்றும் சேர்ந்தே புதிய தளத்துக்குப் போகணும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் பெட்டி ‘காணாமல்’ போய்விடும், கண் முன்னால் கிரேனுக்குக் கீழே நின்றுகொண்டே!

ரெண்டையும் கொஞ்ச நாள் சேர்த்து ஓட்டலாமே? ஓட்டலாம். ஆனால் கிளார்க் ஒவ்வொன்றையும் ரெண்டு தடவை டைப் அடிக்கணும். ரெண்டிலும் வேறு வேறு விவரம் இருந்தால் எது சரி என்று யார் சொல்வது? ஆவணம் ஆவணமாக மாறுவதுதான் ஓரளவு பாதுகாப்பானது. பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வசதி முதலில், இன்வாய்ஸ் அடுத்து, பணம் அதற்குப் பிறகு. கேட் கடைசியில்.

பிரிட்டனின் மிகப்பெரிய கன்டெய்னர் துறைமுகமான ஃபெலிக்ஸ்டோவில் நடந்ததைப் பாருங்கள். 2018 ஜூனில் ‘என்ஜென்’ என்ற புதிய டெர்மினல் சிஸ்டத்துக்கு மாறினார்கள். அது பி.சி.எஸ். அல்ல, யார்டையும் கிரேனையும் ஓட்டும் சாஃப்ட்வேர். ஆனாலும் பாடம் ஒன்றுதான். லாரிகள் மணிக்கணக்கில் காத்திருந்தன, சில கப்பல்கள் வேறு துறைமுகங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. சிக்கல் தீர மாதக்கணக்கில் ஆனது.

இதைத் தவிர்க்க, ‘எத்தனை மணிக்குள் சரியாகலேன்னா பழையதுக்குத் திரும்புவோம்?’ என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கணும். அதைச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கணும். நேரம் கடந்துவிட்டால் புதிய பதிவுகள் குவிந்துவிடும். அப்புறம் திரும்பிப் போகவும் வழி இருக்காது.

லாகின் இல்லாதவர்

2021 ஜூன் 7இல் புதிய வருமான வரி இணையதளம் வந்தபோது பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். ஆகஸ்ட் 21, 22இல் தளமே கிடைக்காமல் போக, அதை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நிதி அமைச்சகம் நேரில் அழைத்தது. கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது.

கப்பலுக்கு அப்படி டேட் எக்ஸ்டென்ஷன் கிடையாது. கட்-ஆஃப் நேரம் தாண்டினால் பெட்டி அடுத்த கப்பலுக்குத்தான். வாரம் ஒரு தடவை வரும் சர்வீஸ் என்றால் ஒரு வாரம் போச்சு. இறக்குமதிப் பெட்டியாக இருந்தால் இலவச நாட்கள் முடிந்ததும் வாடகை ஏறிக்கொண்டே போகும். சர்வர் படுத்த நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதை மாற்றத்துக்கு முன்னாடியே பேசி முடிக்கணும். பிறகு பேசினால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

கேட்டில் காத்திருக்கும் டிரைவருக்கு இந்தத் தளத்தில் வேலையே இல்லை. பார்ம் 13ஐப் பதிவு செய்வது வேறொருவர். ஆனால் டிரிப் கணக்கில் சம்பாதிக்கிறவருக்கு ஒரு டிரிப் போனால் அன்றைய வருமானம் போச்சு. மாறும் ராத்திரியில் அவருக்குத் தேவையானது மூன்று. ‘இப்போ கிளம்பாதீங்க’ என்று தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ்., வண்டி நிறுத்த ஒரு யார்டு, ஸ்கிரீன் வேலை செய்யாவிட்டால் காகித பார்ம் 13ஐப் பார்த்து சீல் அடித்து உள்ளே விட கேட்டில் ஒரு ஆள்.