பிப்ரவரி 30

எங்கள் தெருமுனை டீக்கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு தினசரி காலண்டர் தொங்கும். அன்று காலை மாஸ்டர் அவசரத்தில் இழுத்ததில் இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டது. திரும்ப ஒட்டவும் வழியில்லை, நாளைய தேதியைப் பார்த்துக்கொண்டு இன்றைய பற்று எழுதவும் மனசில்லை. கிழிந்த தாளை அதே ஆணியில் குத்தி வைத்துவிட்டு, “ஒரு நாளே காணாமப் போச்சு சார்” என்று என் டம்ளரை நீட்டினார்.

“ஒரு தாளுக்கே இப்படின்னா எப்படி? ஒரே ராத்திரியில பத்து தாள் கிழிச்சவங்க இருக்காங்க. தப்பா கிழிச்சுட்டு, இல்லாத ஒரு தேதிக்குத் தாள் அடிச்சு ஒட்டின ராஜாவும் இருக்காரு” என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை மடக்கினார்கள். பிறகென்ன, இரண்டாவது டீயும் சொல்லியாயிற்று.

முதலில் கணக்கு. ஜூலியஸ் சீசர் காலத்தில் வகுத்த காலண்டர்படி வருடத்துக்கு 365 நாளும் கால் நாளும். அந்தக் கால் நாளை நான்கு வருடம் சேர்த்து வைத்து, பிப்ரவரியில் ஒரு முழு நாளாகக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் லீப் வருடம். ஆனால் பருவங்கள் ஒரு சுற்று முடிய ஆகும் நேரம் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், சுமார் 45 விநாடி. சீசர் கணக்கு 6 மணி. ஆக, வருடத்துக்குப் பதினோரு நிமிடம் கூடுதல். நாம் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கும் நேரம். யாருக்கு உறைக்கும்? ஆனால் 128 வருடம் சேர்த்தால் அது ஒரு முழு நாள். கந்து வட்டி மாதிரி, சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும்.

கி.பி. 325-ல் நைசியாவில் திருச்சபைச் சங்கம் கூடிய காலத்தில், பகலும் இரவும் சமமாகும் வசந்த நாள் மார்ச் 21-ஐ ஒட்டி வந்தது. ஈஸ்டர் கணக்குக்கு அந்த நாள்தான் ஆதாரம். 1582-க்குள் அது மார்ச் 11-க்கு நழுவிவிட்டது. காலண்டர் 21 என்று சொல்லும், சூரியன் பத்து நாள் முன்னாடியே வந்துவிட்டுப் போயிருக்கும். போப் பதின்மூன்றாம் கிரகோரி இதை நிறுத்த முடிவு செய்தார். திட்டத்தைப் போட்டவர் லிலியஸ் என்ற இத்தாலிய மருத்துவர், அது நிறைவேறுவதற்கு ஆறு வருடம் முன்பே இறந்துபோனார். சேர்ந்துவிட்ட பத்து நாளை ஒரேயடியாகக் கழிப்பது, இனிமேல் நூற்றாண்டு வருடங்களில் நானூறால் வகுபடுபவற்றை மட்டும் லீப் வருடமாக வைப்பது என இரண்டே விஷயம். அதனால்தான் 2000-க்கு பிப்ரவரி 29 இருந்தது, 1900-க்கு இல்லை.

ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி எல்லாம் 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமை இரவு படுத்து, அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை எழுந்தன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேதிதான் தாண்டியது, கிழமை தாண்டவில்லை. வியாழனுக்கு அடுத்து வெள்ளிதான். ஆயுளில் யாருக்கும் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. அந்த இரவில்தான் ஸ்பெயினில் புனித அவிலா தெரேசம்மாள் காலமானார். அவருக்குத் திருவிழா இன்றும் அக்டோபர் 15.

போப் சொன்னதைக் கத்தோலிக்க நாடுகள் கேட்டன. சீர்திருத்தச் சபை நாடுகளுக்கு அது கௌரவப் பிரச்சினை. ரோமாபுரியோடு ஒத்துப்போவதைவிடச் சூரியனோடு முரண்படுவது மேல் என்று பல பத்தாண்டுகள் இருந்தார்கள்.

இப்போது நம்ம ராஜா கதை. ஸ்வீடனும் சீர்திருத்தச் சபை நாடு. 1700 நெருங்கியபோது, பக்கத்து டென்மார்க் ஒரே தாவலாகப் புதுக் காலண்டருக்குப் போனது. ஸ்வீடன்காரர்கள் அதைவிடப் பக்குவமாகச் செய்யலாம் என்று நினைத்தார்கள். திடீரென்று பதினோரு நாளை வெட்டினால் வட்டி, வாடகை, சந்தை எல்லாம் குழம்புமே? 1700 முதல் 1740 வரை வரும் பதினொரு லீப் நாட்களையும் விட்டுவிட்டால் போதும். நான்கு வருடத்துக்கு ஒரு தாள், யாருக்கும் வலிக்காது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் இருக்கிற ஓட்டை என்னவென்றால், அந்த நாற்பது வருடமும் ஸ்வீடன் தேதி பழைய காலண்டரோடும் சேராது, புதியதோடும் சேராது. உலகத்திலேயே அந்தத் தேதியில் வாழ்வது ஸ்வீடனும் அதன் ஆட்சியில் இருந்த பின்லாந்து முதலிய பகுதிகளும் மட்டும்தான். 1700-ல் சொன்னபடி முதல் தாளைக் கிழித்தார்கள். அதே வருடம் ரஷ்யா, டென்மார்க், போலந்தோடு பெரும் போர் மூண்டது. அரசர் பன்னிரண்டாம் சார்லஸ் போர்க்களத்தில் இருந்தார். 1704 வந்தது, பிப்ரவரி 29-ம் வழக்கம்போல வந்து போனது. 1708-லும் அப்படியே. ஒரு தாள் கிழித்ததோடு திட்டம் அந்தரத்தில் நின்றது.

1709-ல் உக்ரைன் மண்ணில் பொல்டாவா என்ற இடத்தில் ரஷ்யாவின் பீட்டர், சார்லஸைத் தோற்கடித்தார். ஐரோப்பாவின் தலையெழுத்தை மாற்றிய சண்டை. எந்தத் தேதியில் நடந்தது? ரஷ்யப் பதிவில் ஜூன் 27. ஸ்வீடன் பதிவில் ஜூன் 28. புதுக் காலண்டரில் ஜூலை 8. மூன்றும் ஒரே திங்கட்கிழமைதான். எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டவர்களுக்குக்கூடத் தேதி ஒன்றாக இல்லை.

தோற்ற சார்லஸ் துருக்கி சுல்தானின் எல்லைக்குள் பெண்டர் என்ற ஊரில் அடைக்கலம் புகுந்தார். ஊர் திரும்ப வழியில்லாமல் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தபடிதான் ஸ்வீடனை ஆண்டார். அங்கிருந்தே காலண்டர் குழப்பத்துக்கும் முடிவு சொன்னார்: பழையபடியே போய்விடலாம். போவதென்றால் கிழித்த ஒரு தாளைத் திருப்பி ஒட்ட வேண்டும். 1712 ஏற்கெனவே லீப் வருடம், பிப்ரவரிக்கு 29 நாள் உண்டு. அதன்மேல் இன்னொன்றைச் சேர்த்தால்? அந்த வருடத்து ஸ்வீடன் பஞ்சாங்கத்தில் பிப்ரவரிக்கு 30 நாள் அச்சாகியிருக்கிறது. பிப்ரவரி 29-ல் பிறந்தவர்களுக்காவது நான்கு வருடத்துக்கு ஒருமுறை கேக் உண்டு. அன்று அங்கே பிறந்த குழந்தைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

கடைசியில் 1753-ல் அதே ஸ்வீடன், பிப்ரவரி 17-க்கு மறுநாள் மார்ச் 1 என்று பதினோரு தாளையும் ஒரே இழுப்பில் கிழித்தது. ஐம்பது வருடம் முன்பே செய்திருக்கலாம்.

“நம்ம ஊர்ல இந்தக் கூத்தெல்லாம் இல்லையா?” என்று கேட்டார் பெஞ்சுக்காரர் ஒருவர். இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் புதுக் காலண்டர், சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரிடம் பழையது. 1746-ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தபோது, கோட்டை சரணடைந்தது ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அது அட்சய வருடம் புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை. தமிழ்த் தேதிக்கு இந்தச் சண்டையில் பங்கே இல்லை. அந்தக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து 12-ஆம் தேதி ஒரு தபால் அனுப்பினால், ஓட்டக்காரர் நான்கு நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் சென்னையில் அதை 5-ஆம் தேதி பிரித்துப் படிக்கலாம். எழுதுவதற்கு ஒரு வாரம் முன்பே!

ஆங்கிலேயர்கள் 1752-ல் வழிக்கு வந்தார்கள். செப்டம்பர் 2 புதன், மறுநாள் செப்டம்பர் 14 வியாழன். “எங்கள் பதினோரு நாளைத் திருப்பிக் கொடு” என்று லண்டனில் கலவரமே வெடித்ததாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஹோகார்த் என்ற ஓவியர் தேர்தல் கூத்தைக் கிண்டலடித்து வரைந்த படத்தில் அந்த வாசகம் எழுதிய பதாகை ஒன்று தரையில் கிடக்கும். கலவரக் கதை அதிலிருந்து வளர்ந்தது, நடந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. ரஷ்யா 1918 வரை பிடிவாதமாக இருந்தது. அதனால்தான் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-ல் கொண்டாடினார்கள்.

டீ ஆறிப்போயிருந்தது. மாஸ்டர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் போல.

“அது சரி சார், அந்த பிப்ரவரி 30 என்ன கிழமை?”

“கிழமைதான் எங்கயும் மாறலையே. வெள்ளிக்கிழமை.”

“அப்ப ராகு காலம் பத்தரை டு பன்னெண்டு” என்றவர், ஆணியில் குத்தியிருந்த தாளை ஒருமுறை நிமிர்த்திவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போனார்.