எஸ்ஜிபிடி நார்மல், கல்லீரல்?

ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் தடித்த எழுத்தில் அச்சான எண் ஏதும் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். இல்லையென்றால் மடித்துப் பீரோவில் வைத்துவிடுவோம். கல்லீரல் விஷயத்தில் இந்த நிம்மதி சில நேரம் ஏமாற்றிவிடும்.

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதிகள். செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும். இன்று நடக்கும் சேதத்தைத்தான் இவை காட்டும். மதுவும் கொழுப்பும் ஹெபடைடிஸ் கிருமிகளும் பல ஆண்டுகளாக உண்டாக்கிய தழும்பை அல்ல. தழும்பு முற்றி சிரோசிஸ் ஆன பிறகும் எஸ்ஜிபிடி நார்மலாகவே, 40-க்குள், நிற்கலாம்.

தழும்பின் தடயம் தட்டணுக்களில் (பிளேட்லெட்) இருக்கிறது. கல்லீரல் இறுகினால் அதன் வழியே ரத்தம் ஓடத் திணறும். மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை குறையும். நோய் இன்னும் முற்றினால் அல்புமின் குறையும், ரத்தம் உறைய நேரமாகும்.

நான்கு எண், ஒரு கணக்கு

வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, தட்டணு ஆகிய நான்கையும் வைத்துத் தழும்பை மதிப்பிடும் கணக்குக்கு ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். தட்டணு எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். 1.3-க்குக் கீழே என்றால் தழும்பு முற்றியிருக்கும் வாய்ப்பு குறைவு. 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரைப் பாருங்கள். இடைப்பட்டால், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

வயது 55, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36, தட்டணு ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கணக்குப் போட்டால் 2.93!

35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 1.3 அல்ல, 2. டெங்கு வந்த சமயத்து அறிக்கையை வைத்துப் போடாதீர்கள். அப்போது தட்டணு இறங்கும், எஸ்ஜிஓடி ஏறும். ஃபிப்-4 நோயை உறுதிசெய்யும் சோதனையும் அல்ல, சல்லடைதான்.

கேட்டுப் பெறுங்கள்

ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் சிகிச்சையும் 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள். மறுத்தால் மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். சிரோசிஸ் உறுதியானவர்கள், புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள், உடல் பருமன் உள்ளவர்கள், மது அருந்துபவர்கள் பீரோவில் வைத்த பழைய அறிக்கையை இன்றே எடுத்துப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம், “என் ஃபிப்-4 எவ்வளவு டாக்டர்?” என்று கேளுங்கள்.