காளான் நீலமானால் நஞ்சா?

குடையைத் திருப்பிப் பார்த்தால்

ஐரோப்பியக் காடுகளில் இலையுதிர் காலத்தில் பலர் தேடிப் பறிக்கும் போலீட் காளானை இனங்காண்பது எளிது. குடையின் அடியில் தகடுகள் இருக்காது. பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்திருக்கும். ஆனால் அது எந்தப் போலீட் என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்குக் குறுக்குவழியாக, 'வெட்டினால் நீலமாவது விஷம்' என்றொரு விதி வழங்கி வருகிறது. அதை நம்பி உலை வைப்பது ஆபத்து. வெட்டுப்பட்ட சதையிலுள்ள வேரிகேட்டிக் அமிலம் போன்ற நிறமிகள், நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் வினைபுரிவதால்தான் நீலம் பிறக்கிறது. நஞ்சுக்கும் அந்த நிறத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. நியோபோலீட்டஸ் லூரிடிஃபார்மிஸ் என்ற போலீட்டின் மஞ்சள் சதை கத்தி பட்ட சில நொடிகளில் கருநீலமாகும். நன்றாக வேகவைத்து அதை உண்கிறார்கள். கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் தரும் 'சாத்தான் போலீட்'டின் வெளிறிய சதையோ மெல்லத்தான் நீலம் பூணும். அதைக் காட்டிக்கொடுப்பது சாம்பல் வெண்குடை, சிவந்த துளைகள், பருத்த தண்டு ஆகியவை சேர்ந்த தோற்றமே. விரும்பி உண்ணப்படும் போர்சினி என்ற போலீட்டின் தண்டில் வெண்ணிற வலைக்கோடுகள் ஓடும். அதைப்போலவே இருக்கும் கசப்புப் போலீட்டில் வலை கருமையாகவும், முதிர்ந்த துளைகள் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். இரண்டும் நீலமாவதில்லை என்பதால் அந்த விதி இங்கே வாயே திறக்காது.

உள்ளூர் அனுபவம் போதாதா?

சீனாவின் யுன்னானில் நீலமாகும் போலீட்டுகளைச் சந்தையிலேயே விற்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அறிவு அந்தக் காட்டோடும் அந்த அடுப்போடும் பிணைந்தது. அங்கேயே, லன்மாவோவா ஏசியாட்டிகா என்ற இனத்தை அரைவேக்காடாக உண்டவர்களுக்குக் குட்டி மனிதர்கள் நடமாடுவதுபோல் மாயத்தோற்றம் வந்திருக்கிறது. லண்டனில் வாங்கிய ஒரே ஒரு உலர் போர்சினிப் பொட்டலத்தை மரபணுச் சோதனைக்கு உட்படுத்திய கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள், அறிவியல் அதுவரை பெயரிடாத மூன்று இனங்களை அதில் கண்டு 2014இல் வெளியிட்டார்கள். அவையும் சீனாவிலிருந்து வந்தவையே. கடைப் பொட்டலத்திலேயே இந்த நிலை என்றால், புகைப்படத்தைப் பார்த்து இனம் சொல்வதை எப்படி நம்புவது?

உண்டபின் உடல் மாறினால்

போலீட்டால் உயிர்போவது அரிது என்பது உண்மை. ஆனால் தொடர் வாந்தியால் நீர் வற்றினால் குழந்தைகளும் முதியவர்களும் தாங்கமாட்டார்கள். அதைவிட அஞ்ச வேண்டியது, பறித்த கூடையில் வேறு காளான் கலந்திருப்பது. உண்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி தொடங்கினால், கல்லீரலைச் சிதைக்கும் அமனிட்டா வகைக் காளானின் நஞ்சாக இருக்கலாம். அதில் இடையே குணமானதுபோல் தோன்றினாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. சமைத்த துண்டாக இருந்தாலும் மீந்த காளானை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எத்தனை மணிக்கு உண்டது என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.