ஏழு துண்டுப் புதிர்

இளமையில் விரும்பி ஆடிய விளையாட்டை ஆண்டு பல கழிந்தபின் மீண்டும் கையிலெடுத்து நோக்குதல் இன்பமும் பயனும் ஒருங்கே தருவதாகும். சென்ற விடுமுறையில் பெரம்பலூரிலுள்ள எம் இல்லத்துப் பரண்மேல் பழைய ‘பிரிக் கேம்’ பெட்டியொன்று அகப்பட்டது. அரியலூரிலுள்ள மாமா திருவிழாக் கடையில் எமக்கு வாங்கித் தந்தது அது. முகப்பில் 9999 விளையாட்டுக்கள் என எழுதியிருப்பினும் உள்ளே இருப்பன சிலவே. வேகமும் படியும் மாறி வருதலால் எண் பெருகிற்று. அவற்றுள் தலையாயது ‘டெட்ரிஸ்’.

இதனை 1984-ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரத்து அலெக்சி பாஜித்னோவ் என்பார் ஆக்கினார். 1989-இல் நிண்டெண்டோ நிறுவனத்தார் வெளியிட்ட ‘கேம் பாய்’ என்னும் கைப்பெட்டியின் வாயிலாக உலகெங்கும் பரவிற்று. ‘டெட்ரா’ என்பது கிரேக்க மொழியில் நான்கினைக் குறிக்கும். நந்நான்கு சதுரங்களாலான துண்டுகள் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். அவற்றைத் திருப்பியும் நகர்த்தியும் பத்துக் கட்ட அகலமுள்ள வரிசையை இடைவெளியின்றி நிரப்பின் அவ்வரிசை மறையும். துண்டுகள் குவிந்து உச்சியை எட்டின் ஆட்டம் முடியும். வடிவங்கள் ஏழு: நெடுங்கோல் ஒன்று, சதுரம் ஒன்று, இடமும் வலமுமாக முனை வளைந்தவை இரண்டு, அவ்வாறே படிபோல் மடிந்தவை இரண்டு, நடுவே முளையுடையது ஒன்று.

நிற்க. மின்கலம் தீர்ந்த நாட்களில் யாம் அவ்வேழு வடிவங்களையும் அட்டையில் வெட்டி, அகலம் 4, நீளம் 7 கொண்ட கட்டத்துள் அடக்க முயல்வோம். துண்டுகளின் சதுரங்கள் 28, கட்டத்திலும் 28. ஆதலின் அடங்கியே தீருமென நம்பினோம். ஒரு கோடை முழுதும் முயன்றும் அடங்கிற்றில்லை. ‘கணக்கு நமக்கு வாராது’ என அன்று முடிவு செய்தோம். யாம் தமிழ் பயில வந்தமைக்கு அம்முடிவும் ஒரு காரணமெனின் பொய்யாகாது.

கல்லூரி திறந்தபின், விடுதி நண்பரொருவரின் சதுரங்கப் பலகைக்கு ஏற்ற அளவில் அத்துண்டுகளைப் புதிதாக வெட்டி வைத்துப் பார்த்தோம். உண்மை விளங்கிற்று. பலகையில் 4-க்கு 7 ஆகிய பகுதியுள் கருப்பு 14, வெள்ளை 14. முளையுடையதொழிந்த ஆறு துண்டுகளும் எவ்வாறு வைப்பினும் தனித்தனியே இரண்டு கருப்பையும் இரண்டு வெள்ளையையுமே மறைக்கும். ஆக, நிறத்திற்குப் பன்னிரண்டு. எஞ்ச வேண்டுவன இரண்டும் இரண்டும். முளைத்துண்டோ ஒரு நிறத்தில் மூன்றும் மற்றதில் ஒன்றுமே மறைக்கும். எனவே 15-உம் 13-உம் ஆகுமேயன்றி, 14-உம் 14-உம் ஒருநாளும் ஆகா. யாம் முயன்றது எவராலும் இயலாத செயல்!

பெட்டியினுள் நிகழும் ஆட்டமும் இத்தகையதே. படிவடிவத் துண்டுகள் இரண்டுமே மாறி மாறி இறங்குமாயின், எத்துணை வல்லவரும் 70,000 துண்டுகள் இறங்குமுன் தோற்பரென ஹைடி பர்கியல் என்னும் கணித அறிஞர் 1997-இல் நிறுவினார்.

ஆடுவோன் குறையால் வரும் தோல்வி வேறு. பொருளின் இயல்பால் வரும் தோல்வி வேறு. இவ்விரண்டனையும் பிரித்தறியாது தம்மையே பழித்துக்கொள்ளும் மாணவர் நம்மிடைப் பலர். தமிழ் பயில்வதில் எமக்கு வருத்தம் சிறிதுமில்லை. ஆயின் கணக்கை விட்டமைக்கு யாம் கொண்ட காரணம் பிழையென இன்று அறிந்தோம்.

அரியலூரில் மாமாவின் இளைய மகனுக்கு அவ்வட்டைத் துண்டுகளை அனுப்பியுள்ளோம். கருப்பும் வெள்ளையுமாகக் கட்டம் வரைந்த தாளொன்றும் உடன் வைத்தோம். விடையை மட்டும் எழுதிற்றிலோம்.