வரைபடத்திலேயே இல்லாத ஊருக்கு உதவி போய்ச் சேருவது எப்படி?

2014 மார்ச்சில், மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியாவில் எபோலா பரவுவது உறுதியானது. நோயாளி ஊர்ப் பெயரைச் சொன்னாலும், அது எங்கே இருக்குன்னு காட்ட சரியான வரைபடம் இல்லை. அவரோடு பழகியவர்களை எப்படித் தேடுவது?

'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு உதவி கேட்டது. யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான 'ஓபன்ஸ்ட்ரீட்மேப்' தன்னார்வலர்கள், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வீடுகளையும் சாலைகளையும் சில நாட்களிலேயே வரைந்தார்கள்.

ஆனால், மேலிருந்து பார்த்தால் கூரை தெரியும். ஊர்ப் பெயர் தெரியாது. மழையில் எந்தப் பாதையில் வண்டி போகும் என்பதையும் உள்ளூர்க்காரர்கள்தான் சொல்லணும்.

இதையெல்லாம் ஆபத்து வரும் முன்பே செய்து வைக்கத்தான், அதே ஆண்டு 'மிஸ்ஸிங் மேப்ஸ்' திட்டம் தொடங்கப்பட்டது.