வெள்ளைப் பீலியில் கறள் கறை: கழுவும் முறையும் தடுக்கும் வழியும்

மலையகத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு மழையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்தால் செப்டெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கூரைத் தகரம் காய்வதே அபூர்வம். மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. தகரத்தில் ஊறும் கறள் நீர் வடிந்து, கடை முகப்பிலுள்ள வெள்ளை பி.வி.சி. பீலியிலும் பிளாஸ்டிக் பெயர்ப்பலகையிலும் தேயிலைச் சாயம் போல் கோடு போட்டுவிடுகின்றது. நுவரெலியா பங்களாக்காரர் சிலர் போட்டிருக்கும் வெள்ளை வினைல் வேலிக்கும் இதே கதிதான். வினைல் என்பதும் பி.வி.சி. என்பதும் ஒரே பொருளே.

தோட்ட மக்கள் கைக்குத் தீபாவளி முற்பணம் வருவதற்கு முன்னால் கடையைக் கழுவித் துப்புரவாக்குவது நம் வழக்கம். ஆபத்து இருப்பது அந்த அவசரத்தில்தான். முகப்பில் பச்சைப் பாசியும் இருக்கும், பழுப்புக் கறளும் இருக்கும். பாசிக்குக் குளோரின் போதும். கறளுக்குக் குளோரின் பயனில்லை. கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளவும் கூடும். கறளைக் கரைப்பது அமிலம். இரண்டையும் ஒரே வாளியில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைத் தாக்கும் நஞ்சு. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் கடையொன்றில் வேலைக்கு நின்ற இளைஞர் மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு குளோரினைச் சேர்த்துவிட்டு, மூச்சு முட்டி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டும் ஒரே தட்டில் விற்பனைக்கு இருக்கின்ற சாமான்கள். விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நமக்குப் பாரமில்லை.

ஒரு நாள் பாசியைக் கழுவுங்கள். நிறையத் தண்ணீர் விட்டு அலசி, மறுநாள் கறளைப் பாருங்கள். ஒரு லீற்றர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்து, துணியை நனைத்துக் கறையின் மேல் ஒட்டி, அரை மணித்தியாலம் காயாமல் வைத்திருந்தால் கறள் இளகிவிடும். கறை சிறிதென்றால் தேசிக்காய்ச் சாறே போதும். பழைய கறைக்கு ஒக்சாலிக் அமிலம் இன்னும் வேகமாக வேலை செய்யும். ஆனால் அது விஷம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, சாப்பாட்டுச் சாமானுக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது. எந்த அமிலமானாலும் கூரைத் தகரத்தில் படவிடாதீர்கள். தகரத்தின் மேலுள்ள துத்தநாகத்தை அது அரித்துவிடும். இரும்புக் கம்பிப் பஞ்சால் தேய்ப்பதும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் கீறல் விழும்; உதிர்ந்த இரும்புத் துணுக்குகள் அங்கேயே கறள் பிடித்துப் புதிய கறையைத் தரும்.

இவ்வளவும் செய்து, மேலேயுள்ள ஆணியைப் பார்க்காமல் விட்டால் அடுத்த மழைக்குக் கறை திரும்பவும் வரும். பிளாஸ்டிக் கறள் பிடிப்பதில்லை. அது வேறெங்கிருந்தோ வடிகின்றது. பெரும்பாலும் காரணம், நாலு காசு மலிவு என்று வாங்கிய ஸ்குரூ ஆணி. மின்சார முறையில் முலாம் பூசிய ஆணியில் துத்தநாகம் 5 முதல் 10 மைக்ரோன் அளவே இருக்கும். 450 பாகை வரை சூடாக்கி உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஆணியில் 40 மைக்ரோனுக்கு மேல் இருக்கும். கடையில் பார்க்க முந்தியது பளபளப்பு, பிந்தியது மங்கல். வாங்குபவர் பளபளப்பைத்தான் கேட்கின்றார். மலையகத்துக்கு மங்கலானதையே எடுத்துக் கொடுங்கள். பீலிக்கும் வினைல் வேலிக்கும் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் நல்லது.

உர மூட்டை விற்பவர்களுக்கு இன்னொரு விடயம். அம்மோனியம் சல்பேட் ஈரத்தை இழுத்து இரும்பை வெகுவாக அரிக்கும். அந்த மூட்டைகளை இரும்புத் தட்டுக்கு ஒட்டி அடுக்காமல் மரப் பலகையில் தள்ளி வையுங்கள்.

தகரம் வெட்டும் பாஸ்மாருக்கும் சொல்லி வையுங்கள். கூரை மேல் வைத்தே கிரைண்டரால் வெட்டினால் பறக்கும் தீப்பொறியெல்லாம் இரும்புத் தூள்தான். அது பீலியிலும் பலகையிலும் ஒட்டி, ஓரிரு நாளில் நூறு பழுப்புப் புள்ளியாகும். கீழே இறக்கி வெட்டி, வெட்டிய விளிம்புக்குத் துத்தநாக வர்ணம் பூசிய பிறகே மேலே ஏற்றச் சொல்லுங்கள்.