காற்றில் குளிரும் கார்: வாங்கலாமா, வேண்டாமா?



மளிகைக் கடைக்கும் ஜெர்மனி நாட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன தொடர்பு என்று தலைப்பைப் பார்த்ததும் கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு. ஒரு பொருளை வாங்கலாமா, விட்டுவிடலாமா என்று தீர்மானிப்பதுதான் நம் தொழில். உளுந்து மூட்டையானாலும், நாற்பது வயதுக் காரானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் அவையேதான். சரக்கின் தரம் என்ன? அதற்கு ஆதாரம் எங்கே? வைத்திருக்க எவ்வளவு செலவாகும்? விற்க நினைத்தால் கேட்க ஆள் உண்டா?

இதை நாம் விசாரிக்க நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் தமக்கையின் மகன் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் மளிகைக் கடை நடத்துகிறார். அரிசி, பருப்பு, மசாலா, உறைய வைத்த மீன், வெள்ளிக்கிழமைகளில் முருங்கைக்காய், கறிவேப்பிலை என்று நம்மவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். கணவனும் மனைவியுமாகக் கடையில் நின்று சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை 60,000 யூரோ. அதைக் கொண்டு கடைக்குப் பெரிய குளிரறை அமைக்க வேண்டும் என்பது மனைவியின் எண்ணம். அந்த ஊரிலேயே செய்யப்பட்ட பழைய போர்ஷே 911 ஒன்றை வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "மாமா, இது செலவா, முதலீடா? நீங்களே சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் கேட்டார். "மாப்பிள்ளை, சரக்கைப் பற்றித் தெரியாமல் விலை பேசக் கூடாது. முதலில் எல்லா விவரத்தையும் அனுப்பிவை" என்றோம்.

அவர் அனுப்பியதையும், கார் தொழில் தெரிந்தவர்களிடம் நாம் கேட்டறிந்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

இது என்ன வண்டி?

சாதாரணக் கார்களில் இஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீர் ரேடியேட்டரில் ஆறும். பழைய போர்ஷேயில் தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. பெரிய விசிறி ஒன்று காற்றை இஞ்சின் மேல் அடிக்கும். 10 லிட்டருக்கும் மேற்பட்ட ஆயில் சுற்றிவந்து மீதிச் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஆறு சிலிண்டர்களும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். இஞ்சின் இருப்பது வண்டியின் பின்கோடியில்.

1963-ஆம் ஆண்டு பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் இதை 901 என்ற எண்ணோடுதான் காட்டினார்கள். நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்க எண்கள் தமக்கே உரியவை என்று பிரான்சின் பூஜோ கம்பெனி ஆட்சேபித்தது. 1964-இல் பெயர் 911 ஆயிற்று.

1977-இல் இதே கம்பெனி 928 என்ற தண்ணீர் இஞ்சின் காரைக் கொண்டுவந்தது. 911-ஐ நிறுத்திவிடுவதாகவும் திட்டம் இருந்தது. 1981-இல் தலைமைப் பொறுப்பேற்ற பீட்டர் ஷூட்ஸ், சக அதிகாரியின் அறைச் சுவரில் உற்பத்தித் திட்டப் படத்தைப் பார்த்தார். 911-க்கான கோடு அந்த ஆண்டோடு நின்றிருந்தது. பேனாவை எடுத்து அந்தக் கோட்டைக் காகிதத்தின் ஓரம் தாண்டிச் சுவர்வரை இழுத்துவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் சரக்கைக் கடையிலிருந்து எடுத்துவிடக் கூடாது என்பது பெரிய கம்பெனிக்கும் பொருந்துகிறது.

காற்றால் குளிரும் 911 உற்பத்தி 1998 மார்ச்சில் முடிந்தது. புகைக்கும் சத்தத்துக்கும் சட்டங்கள் கடுமையாயின. ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு வைக்கும் புதிய முறையைக் காற்றால் மட்டும் குளிர்விப்பது கடினம். ஆகவே அதற்குப் பின் வந்த 911 எல்லாம் தண்ணீர் இஞ்சின்தான்.

எந்த ஆண்டுச் சரக்கு?

புளியில் புதுசு, பழசு பார்ப்பதுபோல இதிலும் ஆண்டு பார்க்க வேண்டும்.

1974 முதல் 1977 வரை வந்த 2.7 லிட்டர் இஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு உடல் மக்னீசிய உலோகம். சூட்டில் அதன் போல்ட்டுகள் பிடுங்கிக்கொள்ளும். முறையாகச் சரிசெய்த ரசீது இல்லாமல் அந்த ஆண்டு வண்டியைத் தொடுவதில்லை என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

1978 முதல் 1983 வரை வந்தது எஸ்.சி. வகை. இஞ்சின் உடல் அலுமினியம், உழைப்பாளி இஞ்சின். ஆனாலும் சிலிண்டர் தலையைப் பிடிக்கும் போல்ட்டுகள் உடைவதும், டைமிங் செயினை இறுக்கும் கருவி கெடுவதும் இதன் பலவீனங்கள்.

1984 முதல் 1989 வரை வந்த 3.2 லிட்டர் கரேராவில் செயின் இறுக்கும் கருவியை ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும்படி மாற்றினார்கள். இதில் வால்வு கைடுகள் தேய்வதுண்டு. 1986 மாடல் வரை பழைய கியர்பெட்டி, 1987 மாடலிலிருந்து புதியது.

1989-இல் வந்த 964 வகையில் பவர் ஸ்டியரிங், ஏ.பி.எஸ். பிரேக் எல்லாம் வந்தன. தொடக்க கால 964-களில் சிலிண்டர் தலையோரம் ஆயில் கசிவது தெரிந்த குறை. கடைசி வகையான 993 ஓட்ட எளிது. விலையும் அதற்கேற்ப அதிகம்.

குத்தூசி போட்டுப் பாருங்கள்

மூட்டையின் வாயில் நல்ல மிளகாயை வைத்து, அடியில் வேறு சரக்கை நிரப்பும் வித்தை நமக்குத் தெரியாததா? கார் வியாபாரத்தில் அந்த வேலையைச் செய்வது புதுப் பெயிண்டு.

முதலில் துரு. 1976 மாடலிலிருந்து உடல் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. அதற்கு முந்தியவற்றில் ஆபத்து அதிகம். பூச்சு உள்ளவற்றிலும் கதவுக்குக் கீழுள்ள பட்டை, முன்பக்கம் பாட்டரிக்கும் பெட்ரோல் டாங்குக்கும் அருகிலுள்ள தகடு, கண்ணாடி ஓரங்கள் ஆகிய இடங்களில் பார்க்க வேண்டும். காந்தத்தை ஒட்டவைத்துப் பார்த்தால் உள்ளே பூசி அடைத்திருக்கும் பட்டி தெரிந்துவிடும்.

அடுத்து இஞ்சின். குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை சிறிது வந்து நிற்பது இந்த இஞ்சினுக்கு இயல்பு. சூடேறிய பின்னும் வந்தால் செலவு காத்திருக்கிறது. ஆயில் அளவை இஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். குளிர்ந்த இஞ்சினில் பார்த்துவிட்டு ஆயிலை ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும். ஆறு சிலிண்டர்களிலும் அழுத்தமும் கசிவும் சோதிக்கச் சொல்ல வேண்டும். சோதனைக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம். பழைய கியர்பெட்டியில் 2-ஆம் கியர் விழும்போது உரசினால் அதற்கும் பணம் எடுத்துவைக்க வேண்டும்.

மூன்றாவது காகிதம். இஞ்சின் எண்ணும் உடல் எண்ணும் பதிவோடு ஒத்திருக்கிறதா, எந்த ஆண்டு என்ன வேலை நடந்தது, எத்தனை கி.மீ.யில் நடந்தது என்று ரசீதுகள் சொல்ல வேண்டும்.

எங்கள் மருமகன் இரண்டு வண்டிகள் பார்த்திருந்தார். இரண்டும் 1986 கரேரா. ஒன்று புதுப் பெயிண்டில் பளபளவென்று 48,000 யூரோ. கடைசிப் 12 ஆண்டுகளுக்கு ஒரு ரசீதுகூட இல்லை. மற்றது நிறம் மங்கியது, இருக்கையில் ஒரு கிழிசல், விலை 60,000 யூரோ. ஆனால் முதல் நாளிலிருந்து எல்லா ரசீதும் ஒரு கோப்பில் இருந்தன. வாங்குவதானால் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும் என்றோம். விலை வித்தியாசம் 12,000. இஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் 20,000 யூரோவைத் தாண்டுவது அங்கே சாதாரணம். மலிவு என்பது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

இருப்புச் செலவு

வாங்கும் விலையை எல்லோரும் பார்ப்பார்கள். வைத்திருக்கும் செலவை எழுதிப் பார்ப்பவர் குறைவு. 60,000 யூரோ வண்டிக்கு ஓர் உதாரணக் கணக்குப் போட்டோம். தொகைகள் இடத்துக்கும் ஆளுக்கும் மாறும். முறை மாறாது.

முதலுக்கு ஆண்டு வட்டி 3 சதவீதம் என்றால் 1,800 யூரோ. நிறுத்த மூடிய இடத்துக்கு மாதம் 100 வீதம் 1,200. காப்பீடு 500. சர்வீஸ், ஆயில், டயர் 1,500. இஞ்சின் வேலைக்காகப் பத்தாண்டில் 20,000 ஒதுக்கினால் ஆண்டுக்கு 2,000. சாலை வரி 191. ஜெர்மனியில் 30 ஆண்டு நிறைந்து, பழைய அமைப்பு மாறாமல் நல்ல நிலையில் உள்ள வண்டிக்குத் தனி எண்பலகை தருகிறார்கள். அந்தப் பலகை இருந்தால் இஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் காருக்கு வரி இவ்வளவுதான். கண்டபடி மாற்றியமைத்த வண்டிக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

மொத்தம் ஆண்டுக்கு 7,191 யூரோ. ஆண்டுக்கு 3,000 கி.மீ. ஓட்டினால் கிலோமீட்டருக்குச் சுமார் 2 யூரோ 40 சென்ட், பெட்ரோல் தனி. பத்தாண்டில் 71,910. போட்ட பணம் நட்டமின்றித் திரும்ப, பத்தாண்டு கழித்து அந்த வண்டி 1,31,910 யூரோவுக்கு விலைபோக வேண்டும்.

போர்ஷே கம்பெனியே இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் நட்டத்தில் தள்ளாடியபோது ஜப்பானிய ஆலோசகர்களை அழைத்தார்கள். தொழிற்சாலை முழுவதும் ஆளுயரத்துக்கு மேல் அலமாரிகளில் உதிரிப்பாகங்கள் குவிந்திருந்தன. தலைவர் வெண்டலின் வீடெக்கிங் கையில் ரம்பத்தைக் கொடுத்து அலமாரிகளின் மேல்பாதியை அறுத்துத் தள்ளச் சொன்னார்கள். அவரும் அறுத்தார். இருப்பில் முடங்கிய பணம் தூங்கும் பணம் என்பதைத் தொழிலாளர் எல்லோரும் கண்ணால் கண்டார்கள்.

விலை ஏறுமா?

தண்ணீர் இஞ்சின் வந்த புதிதில் பழைய 911-கள் வெறும் பழைய கார்களாகத்தான் விலைபோயின. 2010-க்குப் பின் சில ஆண்டுகளில் விலை மடமடவென்று பல மடங்கு ஏறியது. ஏறிய பின் சில வகைகள் இறங்கவும் செய்தன. ஓட்டுவதற்காக முன்பே வாங்கி வைத்திருந்தவர்களுக்கு லாபம் தானாக வந்தது. உச்ச விலையில் லாபத்துக்காக வாங்கியவர்கள் ஆள் தேட வேண்டியதாயிற்று.

வரத்து நின்றுவிட்டது, ஆகவே விலை ஏறியே தீரும் என்பது பாதிக் கணக்கு. கேட்பவரும் இருக்க வேண்டும். இன்று இந்த வண்டிகளைத் தேடுபவர்களில் பலர் இளமையில் சாலையில் பார்த்து ஏங்கியவர்கள். அடுத்த தலைமுறை அதே ஏக்கத்தோடு வருமா என்பதை நம்பி நாம் முதல் போட முடியாது. விலை ஏறினால் அது அதிர்ஷ்டம் என்றுதான் பேரேட்டில் எழுத வேண்டும்.

நாம் சொன்ன தீர்மானம்

"செலவுதான் மாப்பிள்ளை, முதலீடு இல்லை. ஆனால் செலவு செய்வது குற்றம் இல்லை" என்றோம். பன்னிரண்டு மணி நேரம் கடையில் நிற்கிற மனிதன் ஞாயிற்றுக்கிழமை தனக்குப் பிடித்த வண்டியில் மனைவியோடு போய்வருவதை நாம் வீண் என்று சொல்லமாட்டோம். அதற்கு மூன்று நிபந்தனைகள் சொன்னோம்.

ஒன்று, கடைக்கு வேண்டியது முதலில். குளிரறையில் வைக்கும் சரக்கு வாரா வாரம் புரளும், போட்ட பணம் திரும்பத் திரும்பக் கல்லாவுக்கு வரும். கொட்டகையில் நிற்கும் காரில் பணம் புரளாது. வியாபார முதலையும், கடன் பணத்தையும் இதில் போடக் கூடாது.

இரண்டு, இஞ்சினுக்கான 20,000 யூரோ தனியாக இருக்க வேண்டும். கையில் 60,000 வைத்திருப்பவர் 40,000-க்குத்தான் வண்டி பார்க்க வேண்டும். அந்த விலைக்கு நல்ல வண்டி கிடைக்காவிட்டால், சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

மூன்று, வாங்கினால் ஓட்ட வேண்டும். இந்த இஞ்சின் ஓடாமல் நின்றாலும் கெடும். ரப்பர் காயும், ஆயில் கசியும். கீறல் விழுமே என்று போர்த்தி வைப்பவருக்கு இந்த வண்டி ஏற்றதல்ல.

இதை எழுதும் நாளில் அவர் கடையில் குளிரறை வேலை முடிந்து மீன் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. 60,000 யூரோ வண்டியை வேறொருவர் வாங்கிப் போய்விட்டார். அவருக்கு வருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் காருக்கென்று தனிக் கணக்கு ஒன்று வங்கியில் தொடங்கி, மாதா மாதம் போட்டுவருகிறார்கள். அதை யோசனை சொன்னது அவர் மனைவி.

நம் ஊரில் ஆசை வேறு உருவில் வரும். பழைய புல்லட்டாக வரும், தோட்டத்தோடு வீடாக வரும், பிள்ளை கேட்கும் புது வண்டியாக வரும். எதுவானாலும் ஒரு தாளை எடுத்து, வாங்கும் விலையை மேலே எழுதுங்கள். பத்தாண்டு வைத்திருக்கும் செலவை அதன் கீழே எழுதுங்கள். கூட்டிய தொகையைப் பார்த்தபின்னும் மனம் வேண்டும் என்றால், அந்தப் பணம் கடை முதலைத் தொடாதது என்றால், தாராளமாக வாங்குங்கள்.